மலைச்சாலையில் ஒருவர் கைகாட்டினால்: குற்றாலம், ஆரியங்காவு, தென்மலை போகும் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாரல் காலத்தில் குற்றாலத்தில் குளித்துவிட்டு, அப்படியே செங்கோட்டை, புளியரை வழியாகப் பாலருவிக்கும் தென்மலைக்கும் போய்வருவது தென்மாவட்டக் குடும்பங்களுக்குப் பழக்கமான ஒருநாள் பயணம். புளியரை தாண்டியதும் தேசிய நெடுஞ்சாலை 744 வளைந்து வளைந்து கோட்டைவாசலுக்கு ஏறும். அங்கிருந்து கேரளம். ஜல்லியும் எம்-சாண்டும் வைக்கோலும் ஏற்றிய லாரிகளுக்கும் இதே சாலைதான். பானெட்டைத் திறந்துவைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ஓரத்தில் நிற்பதை இந்த ஏற்றத்தில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அப்போது என்ன செய்வது என்று கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

பிள்ளைகளோடு போகிறோம். முன்பின் தெரியாதவருக்காக நிறுத்தலாமா?

பகல் வெளிச்சத்தில், மற்ற வண்டிகளும் போய்வரும் நேரத்தில் தாராளமாக நிறுத்தலாம். முதலில் கண்ணாடியைப் பாதி இறக்கி, வண்டியிலிருந்தபடியே கேளுங்கள். பெரும்பாலும் ஒரு போன் பண்ணித் தரச் சொல்வார்கள், இல்லையென்றால் ஜாக்கி கேட்பார்கள். காட்டுப் பகுதியில் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அதனால் அவருடைய போனில் டவர் இல்லாமல் உங்கள் போனில் இருக்க வாய்ப்புண்டு.

இரவில், ஆளரவமற்ற இடத்தில், கூட வேறு பெரியவர்கள் இல்லாதபோது இறங்க வேண்டாம். அதற்காகப் பார்க்காததுபோலப் போய்விடவும் வேண்டாம். மெதுவாகக் கடந்து, சிக்னல் கிடைத்த இடத்தில் 112-க்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். புளியரை, ஆரியங்காவு சோதனைச்சாவடிகளில் ஆட்கள் இருப்பார்கள். நின்று தகவல் சொல்லலாம். அதுவும் உதவிதான்.

நம் வண்டியை எங்கே நிறுத்துவது?

உதவ நின்றவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இந்த ஒரு விஷயத்தில் தவறுவதால்தான். பழுதான வண்டிக்குப் பக்கத்திலேயே, அதுவும் வளைவில், நிறுத்திவிடுகிறார்கள். பின்னால் இறங்கி வரும் லாரிக்கு வளைவு திரும்பும்வரை எதுவும் தெரியாது. தெரியும்போது நிறுத்த இடம் இருக்காது.

அந்த வண்டியைத் தாண்டி, சாலை நேராக இருக்கும் இடம்வரை போய், சாலையைவிட்டு முழுதாக இறக்கி நிறுத்துங்கள். ஐம்பதடி நடக்க வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. நான்கு இண்டிகேட்டரும் எரியட்டும். ஏற்றத்தில் நிறுத்தினால் முதல் கியரிலும் இறக்கத்தில் நிறுத்தினால் ரிவர்ஸ் கியரிலும் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு ஒரு கல் அண்டை கொடுங்கள். சாவி உங்கள் பையில் இருக்க வேண்டும்.

பிள்ளைகளை வண்டிக்குள் விட்டுவைப்பதா, இறக்குவதா? வண்டி முழுதாகச் சாலைக்கு வெளியே இருந்தால் உள்ளேயே, பெல்ட் போட்டு, ஒரு பெரியவரோடு இருக்கட்டும். ஒரு சக்கரமாவது தாரின் மேல் இருந்தால் இறக்கி, மலைப்பக்கமாக, வண்டிக்கு நேர் முன்னால் இல்லாமல் நன்றாகத் தள்ளி நிற்க வையுங்கள். பள்ளத்தின் பக்கம் வேண்டாம். இரண்டு வண்டிகளுக்கு நடுவில் யாருமே நிற்கக் கூடாது.

முக்கோணப் பலகையைப் பழுதான வண்டிக்கு 50 மீட்டர் பின்னால் வைக்கச் சொல்வது நேர்ச்சாலைக்குச் சரி. இங்கே வளைவுக்கு அந்தப் பக்கம், வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே பலகை படும்படி வைக்க வேண்டும். பலகை இல்லையா? மலைச்சாலை டிரைவர்கள் காலங்காலமாகச் செய்வதுபோல இலையோடு கிளைகளைப் போடுங்கள். சாலையில் பச்சைக் கிளை கிடந்தாலே லாரிக்காரர் வேகத்தைக் குறைப்பார். காட்டு மரத்தில் ஒடிக்க வேண்டாம், காற்றில் விழுந்து கிடப்பதே போதும்.

அவர்கள் மலையாளம் பேசினால்?

செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடும், பிறகு அது சேர்ந்த திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். இந்தப் பகுதியில் இரண்டு மொழியும் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் மதுரையிலிருந்தோ விருதுநகரிலிருந்தோ வருபவர்களுக்கு ஒன்றிரண்டு சொற்கள் குழப்பம் தரும். "வெள்ளம்" என்று கேட்டால் அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும். "மதி" என்றால் போதும். "சோர" என்றால் ரத்தம். "அபகடம்" விபத்து. வண்டி தள்ளும்போது "பதுக்கெ" என்றால் மெதுவாக, "நிர்த்து" என்றால் நிறுத்து, "பிரேக் சவிட்டு" என்றால் பிரேக்கை மிதி.

நீங்கள் சொல்லத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. அடிபட்டவரிடம் "அனங்கருது", அதாவது அசையாதீர்கள். பதறுபவரிடம் "பேடிக்கண்டா", பயப்படாதீர்கள். வயதில் மூத்தவரைச் சேட்டா, சேச்சி என்று அழைத்தால் போதும். மீதியைத் தமிழிலேயே மெதுவாகப் பேசுங்கள், புரியும்.

பானெட்டிலிருந்து ஆவி வருகிறது. தண்ணீர் ஊற்றச் சொல்கிறார்கள்.

ஏற்றத்தில் அதிகம் நடப்பது இதுதான். ஐந்து பேர், மூட்டை, ஏசி, மூன்றாவது கியரிலேயே இழுத்து ஏற்றுவது எல்லாம் சேர்ந்து இன்ஜினைக் கொதிக்க வைக்கும். ரேடியேட்டர் ஃபேன் சுற்றாமல் போனாலும், ஹோஸ் வெடித்தாலும் இதே கதி.

சூட்டோடு மூடியைத் திறக்க யாரையும் விடாதீர்கள். உள்ளே நீர் அழுத்தத்தில் இருக்கும், நூறு டிகிரிக்கு மேல். மூடி கழன்ற நொடியில் முகத்தில் அடிக்கும். இன்ஜினை அணைத்து, ஆவி அடங்கியதும் பானெட்டைத் தூக்கி, குறைந்தது அரைமணி நேரம் காத்திருங்கள். மேல் ஹோஸை விரலால் அழுத்தினால் கல் மாதிரி இருந்தால் இன்னும் அழுத்தம் இருக்கிறது. நெளிந்து கொடுத்தால், தடித்த துணியைப் போட்டு மூடியைக் கால் சுற்று திருப்பி, சீறல் நின்ற பிறகு முழுதாகக் கழற்றலாம்.

பச்சைத் தண்ணீரை மளமளவென்று ஊற்றினால் சூடான ஹெட் விரிசல் விடலாம். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கூலன்ட் இல்லாவிட்டால் குடிநீரே போதும், பட்டறை வரைக்கும்தானே. ஊற்றிய தண்ணீர் கீழே ஒழுகினால் ஹோஸோ ரேடியேட்டரோ போய்விட்டது. ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ஒழுகாவிட்டால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டச் சொல்லுங்கள். ஹீட்டர் இன்ஜின் சூட்டை வெளியே எடுத்துவிடும். உள்ளே வேகும், ஆனால் வண்டி போய்ச்சேரும்.

பஞ்சர். ஸ்டெப்னி மாற்றத் தெரியாது என்கிறார்.

சாரல் காலத்தில் ஓர மண் ஊறிப்போய்க் கிடக்கும். ஜாக்கியை மண்ணில் வைத்தால் தூக்கத் தூக்க அது உள்ளே இறங்கும், பிறகு சாயும். அடியில் ஒரு தட்டைப் பலகை வேண்டும். கல் வைத்தால் வழுக்கும்.

தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே, எல்லா நட்டுகளையும் அரைச் சுற்று தளர்த்துங்கள். ஸ்பேனரை இடதுபுறம் நீட்டியபடி மாட்டிக் காலால் மிதித்தால் இளகும். எதிர் மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். ஜாக்கியைப் பாடியின் கீழ் விளிம்பில் வெட்டு அடையாளம் இருக்கும் இடத்தில் கொடுங்கள். ஸ்டெப்னியை வண்டிக்கு அடியில் படுக்கவைத்துவிட்டு வேலை செய்யுங்கள். ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன்மேல்தான் உட்காரும், கால்மேல் அல்ல. சக்கரத்தைக் கழற்றியதும் இரண்டையும் மாற்றிக்கொள்ளலாம்.

நட்டெல்லாம் கழன்றும் சக்கரம் வரவில்லையென்றால் துருப்பிடித்து ஒட்டியிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் உள்ளங்காலால் இடமும் வலமும் உதையுங்கள். மாட்டும்போது நட்டின் கூம்பு முனை உள்பக்கம் இருக்க வேண்டும். எதிரெதிராக முடுக்கி, இறக்கிய பிறகு மறுபடி ஒரு சுற்று. ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளைத் திரும்பப் பார்க்கச் சொல்லி அனுப்புங்கள்.

உண்மையில் பெரிய ஏமாற்றம் வேறு: ஸ்டெப்னியிலேயே காற்று இருக்காது. உங்களிடம் லைட்டர் பாயிண்டில் மாட்டும் சின்ன கம்ப்ரசர் இருந்தால் அந்தக் குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. உங்கள் ஸ்டெப்னியைக் கழற்றிக் கொடுக்க முயல வேண்டாம். நான்கு நட்டுச் சக்கரம் ஐந்து நட்டு வண்டிக்கு மாட்டாது. நட்டு எண்ணிக்கை ஒன்றானாலும் துளைகளின் இடைவெளி மாறும்.

பேட்டரி இறங்கிவிட்டது. நம் வண்டியிலிருந்து கொடுக்கலாமா?

ஜம்பர் கேபிள் இருந்தால் கொடுக்கலாம். வரிசை முக்கியம். சிவப்பை அவர்கள் பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை உங்கள் பிளஸ்ஸில். கறுப்பை உங்கள் மைனஸில், மறுமுனையை அவர்கள் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். அவர்கள் மைனஸில் நேராக மாட்டினால் கடைசிப் பொறி பேட்டரிக்கு மேலேயே பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் வாயு பற்றக்கூடியது. உங்கள் இன்ஜின் ஐந்து நிமிடம் ஓடட்டும், பிறகு அவர்கள் ஸ்டார்ட் செய்யட்டும். கழற்றும்போது தலைகீழ் வரிசை.

லாரியிலிருந்தோ பஸ்ஸிலிருந்தோ காருக்குக் கொடுக்க விடாதீர்கள். அவை 24 வோல்ட், கார் 12. காரின் எலக்ட்ரானிக்ஸ் மொத்தமும் போய்விடும்.

இறக்கத்தில் பிரேக் பிடிக்கவில்லை, கருகிய வாடை வருகிறது என்கிறார்.

கோட்டைவாசலிலிருந்து புளியரைக்கு பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் இது நடக்கும். பிரேக் பேட் சூடேறிப் பிடிமானத்தை இழக்கிறது. சில சமயம் பிரேக் ஆயிலும் கொதித்து மிதி பஞ்சு மாதிரி இறங்கும். மருந்து நேரம் ஒன்றுதான்: அரைமணி முதல் முக்கால் மணி நேரம். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் கோணிவிடும். கியரிலும் கல்லிலும் வண்டியை நிறுத்தி வையுங்கள். ஆறிய பிறகும் மிதி பஞ்சாகவே இருந்தால் இறங்கக் கூடாது, மெக்கானிக்தான் வர வேண்டும். கெட்டியாக இருந்தால் இரண்டாவது கியர், தேவைப்பட்டால் முதல் கியர், விட்டுவிட்டு பிரேக். எந்த கியரில் ஏறுவோமோ அந்த கியரில் இறங்குவது என்பது இங்கே பழைய கணக்கு.

கயிறு கட்டி இழுத்துத் தரச் சொன்னால்?

மலையில் வேண்டாம். இன்ஜின் ஓடாத வண்டியில் இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் மரக்கட்டை போலாகிவிடும், ஸ்டியரிங்கும் கனக்கும். இறக்கத்தில் அது வந்து உங்கள் முதுகில்தான் நிற்கும். சமதளத்தில், பட்டறை அருகில் என்றால் 5 மீட்டருக்கு மிகாத கயிறு, நடுவில் சிவப்புத் துணி, 20 கிலோமீட்டர் வேகம். இழுபடும் வண்டியில் சாவி திருப்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். கயிற்றை பம்பரில் கட்டாதீர்கள். டூல்ஸோடு ஒரு கொக்கி இருக்கும், பம்பரில் உள்ள சின்ன மூடியைக் கிளப்பி அதைத் திருகி மாட்ட வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியை இழுக்கவே வேண்டாம்.

எண்ணெய் தீர்ந்துவிட்டது என்கிறார்.

தமிழ்நாட்டில் விலை குறைவு, எல்லை தாண்டி நிரப்பிக்கொள்ளலாம் என்று குறைந்த பெட்ரோலோடு ஏறுபவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரைப் பங்க் வரை ஏற்றிப் போய்விடுவதே நல்லது. வாயால் உறிஞ்சி எடுப்பதும், தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்குவதும் வேண்டாம். டீசல் வண்டி முழுதாக வறண்டிருந்தால் எண்ணெய் ஊற்றியதும் ஓடாது, குழாயில் காற்று புகுந்திருக்கும். ஃபில்டர் மேலுள்ள கைபம்பை இறுகும்வரை அமுக்கிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

விபத்தைப் பார்த்தால் எந்த எண்? எந்த மாநிலம்?

ஆம்புலன்ஸுக்கு இரண்டு மாநிலத்திலும் 108. எல்லாவற்றுக்கும் பொதுவாக 112. உங்கள் சிம்முக்கு டவர் இல்லாவிட்டாலும் வேறு கம்பெனி டவர் வழியாக இது போகும். நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

எல்லையோரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக்கு அழைப்பு போய்விடலாம். எடுத்த எடுப்பில் "கேரளப் பக்கம், ஆரியங்காவுக்கு முன்னால்" அல்லது "தமிழ்நாட்டுப் பக்கம், புளியரை எஸ் வளைவுக்கு மேலே" என்று சொல்லுங்கள். மஞ்சள் தலை மைல்கல்லில் உள்ள எண்ணைச் சொன்னால் இன்னும் நல்லது. பிறகு எத்தனை பேர், நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா. அவர்கள் வைக்கும்வரை நீங்கள் போனை வைக்காதீர்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை என்ன செய்வது?

ரத்தம் ஒழுகினால் சுத்தமான துண்டையோ வேட்டியையோ நான்காக மடித்து காயத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். பத்து நிமிடம், இடையில் எடுத்துப் பார்க்காமல். எடுத்துப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறைந்தது பிய்ந்து மறுபடி ஒழுகும். துணி நனைந்தால் அதன்மேலேயே இன்னொன்று. கம்பியோ கண்ணாடியோ குத்தியிருந்தால் பிடுங்காதீர்கள், சுற்றிலும் துணி அணைத்து ஆடாமல் வையுங்கள்.

கூட்டம் கூடியதும் ஒருவர் கையைப் பிடிப்பார், ஒருவர் காலைப் பிடிப்பார், தூக்கி ஓரத்தில் போடுவார்கள். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே ஆயுளுக்கும் நடக்க முடியாமல் போகலாம். தீயோ மோதப்போகும் வண்டியோ இல்லாதவரை அசைக்க வேண்டாம். தலைமாட்டில் மண்டியிட்டு இரு கையாலும் தலையை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள், மூச்சு இல்லாவிட்டால் தவிர. தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்றக் கூடாது. மயங்கியவருக்கு அது நுரையீரலுக்குள் போகும்.

கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சும் இல்லை என்றால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும், கை தளர்ந்துவிடும்.

நம் காரிலேயே ஏற்றிப் போகலாமா?

108 வர நேரமாகும் என்று அவர்களே சொன்னாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ போகலாம். ஆரியங்காவுக்குக் கிழக்கே என்றால் செங்கோட்டை, பெரிய அடி என்றால் தென்காசி அரசு தலைமை மருத்துவமனை. தென்மலைக்கு மேற்கே என்றால் புனலூர் தாலுகா மருத்துவமனை. அவர் எந்த ஊர்க்காரர் என்பது கணக்கில்லை, எது பக்கம் என்பதுதான் கணக்கு. பிள்ளைகளை நம்பிக்கையான இடத்தில் ஒரு பெரியவரோடு இறக்கிவிட்டு, பின் சீட்டில் ஒருவர் காயத்தை அழுத்தியபடி வர வேண்டும். ஓட்டுபவர் வேகம் காட்ட வேண்டாம், வளைவில் உடல் உருண்டால் முறிந்த எலும்பு உள்ளே கிழிக்கும்.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமா?

இல்லை. இந்தப் பயத்தாலேயே பலர் கடந்து போய்விடுகிறார்கள் என்பதால் விரிவாகவே சொல்கிறோம். உதவ முன்வருபவர்களைப் பாதுகாக்கும் நெறிமுறைகளை உச்ச நீதிமன்றம் 2016 மார்ச் 30 அன்று உறுதிப்படுத்தியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. 2020 செப்டம்பரில் விதிகள் வந்தன. நல்லெண்ணத்தோடு உதவியவர்மீது, அந்த உதவியின்போது அடிபட்டவருக்கு ஏதும் நேர்ந்தாலும், வழக்குப் போட முடியாது. பெயர், முகவரி சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. மருத்துவமனையில் சேர்த்துவிட்டு உடனே கிளம்பலாம்; சேர்க்கப் பணம் கட்டு என்று உங்களிடம் கேட்கக் கூடாது. சாட்சி சொல்ல நீங்களே சம்மதித்தால், உங்களுக்கு வசதியான இடத்தில் நேரத்தில் விசாரிப்பார்கள். இந்த உரிமைகள் மருத்துவமனை வாசலில் எழுதி வைக்கப்பட வேண்டும் என்பதும் விதி.

அவர்களிடம் பணம் இல்லாவிட்டால்?

விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பர் 18-இல் தொடங்கிய இந்தத் திட்டம் வேறு மாநிலத்தவருக்கும் பொருந்தும். நாடு முழுவதற்குமான மத்திய அரசுத் திட்டம் 2025 மே மாதம் வந்தது: சாலை விபத்தில் அடிபட்டவருக்கு ஏழு நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. தமிழ் படிக்கத் தெரியாத கேரளக் குடும்பத்துக்கு இந்த இரண்டு வரியைச் சொல்லிவிட்டு வாருங்கள். அந்த நேரத்தில் அவர்கள் முகம் தெளிவதைப் பார்ப்பீர்கள்.

வலிப்பு வந்தால் கையில் இரும்பு கொடுக்கலாமா?

கொடுக்கக் கூடாது. சாவிக்கொத்தால் வலிப்பு நிற்பதில்லை, தானாகவே அடங்கும் நேரத்தில் சாவியும் கையில் இருந்திருக்கும், அவ்வளவுதான். கையில் காயமாகும். வாயில் கரண்டி வைத்தால் பல் உடையும். தலைக்கடியில் மடித்த துண்டு வைத்து, நேரத்தைப் பாருங்கள். அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

வேர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறினால் சர்க்கரை நோய் உண்டா என்று கேளுங்கள். நினைவு இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரை தண்ணீரில் கலந்து கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி.

அருவியில், ஆற்றில் யாராவது இழுத்துப்போகப்பட்டால்?

குதிக்காதீர்கள். பிடிக்கப்போனவரும் சேர்ந்து போவதுதான் நடக்கிறது. மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி கேன் ஒருவரை மிதக்க வைக்கும், அதை எறியுங்கள். கரையில் ஒருவர் இடுப்பை இன்னொருவர் பிடித்தபடி, இரண்டு சேலையை முடிந்து வீசலாம். 2024 மே 17-இல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோனது. தண்ணீர் சட்டென்று செம்மண் நிறமாகிச் சருகும் சுள்ளியும் வந்தால் மேலே மழை பெய்திருக்கிறது. பக்கத்தில் குளிப்பவர்களையும் குரல் கொடுத்து வெளியேற்றுங்கள். கரையேற்றியவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்கக் கூடாது. மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, பிறகு நெஞ்சு அழுத்தம்.

கூட்டத்தில் தனியாக அழும் குழந்தை?

பார்த்த இடத்திலேயே பத்து நிமிடம் நில்லுங்கள், பெற்றோர் அங்கேதான் திரும்பி வருவார்கள். பிறகு அருவிக்கரையில் பணியில் இருக்கும் போலீஸாரிடம் கொடுத்து மைக்கில் சொல்லச் சொல்லுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். உங்கள் வண்டியில் ஏற்றித் தேட வேண்டாம்.

வீட்டிலிருந்து கிளம்பும்போது இதற்கென்று என்ன எடுத்துக்கொள்வது?

முக்கோணப் பலகை, டார்ச், ஜம்பர் கேபிள், காற்றடிக்கும் கம்ப்ரசர், ஒரு அடிச் சதுரப் பலகை, இரண்டு பழைய வேட்டி, ஐந்து லிட்டர் தண்ணீர், கால் கிலோ சர்க்கரை. டிக்கியில் ஒரு மூலைக்குள் அடங்கிவிடும். கிளம்பும் முன் உங்கள் ஸ்டெப்னியின் காற்றையும் பாருங்கள்.

எல்லாம் முடிந்தது. பணம் நீட்டுகிறார்கள்.

பெட்ரோலுக்கோ டியூபுக்கோ நீங்கள் செலவழித்திருந்தால் அதை மட்டும் வாங்கிக்கொள்ளலாம், தவறில்லை. கடுமையான விபத்தில் அடிபட்டவரை முதல் ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேர்த்தவருக்கு மத்திய அரசு 25,000 ரூபாய் தருகிறது. விருப்பமிருந்தால் மட்டும் காவல் நிலையத்தில் விவரம் கொடுங்கள்.

இரண்டு வண்டியும் நகர்ந்த பிறகு திரும்பி நடந்து போய், சக்கரத்துக்கு வைத்த கற்களையும் போட்ட கிளைகளையும் எடுத்து ஓரத்தில் போடுங்கள். இருட்டியபின் பைக்கில் வருபவருக்கு அந்தக் கல் தெரியாது.